சென்சார் ஒயரை வெட்டாதீர்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றும் சி.என்.ஜி. பிக்கப் வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன். வாரண்டி இன்னும் முடியவில்லை. 'செக் எஞ்சின்' விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. சைலன்சர் பக்கத்து ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, கேஸ் சரியில்லாததால்தான் இப்படி, வாரண்டியில் வராது என்று சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளி மெக்கானிக் ஒருவர், பின் சென்சார் ஒயரை வெட்டி ஒரு சர்க்யூட் வைத்தால் விளக்கு எரியாது என்கிறார். தொழில் வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாதாமே?

பதில்: முதலில், ஒயரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். உங்கள் பிஎஸ்-6 வண்டியில், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து, கேஸைக் கூட்டவோ குறைக்கவோ இசியூ என்ற எஞ்சின் கணினிக்குத் தகவல் தருகிறது. பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. அதை ஏமாற்றி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) தனி. இதையெல்லாம் விட, வாரண்டியை மறுக்க நல்ல காரணம் ஒன்றை நீங்களே கம்பெனி கையில் கொடுத்துவிடுவீர்கள்.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போய், ஸ்கேனரில் வந்த கோடு எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பி0136 என்று வந்தால், பின் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்பதே அதன் பொருள். சூடான குழாயில் உரசி ஒயர் உருகியிருந்தாலும் அதே கோடு வரலாம். கேஸ்தான் காரணம் என்று அது சொல்லாது. கேஸ் மேல் பழி போடுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் நடந்ததை விவரித்து டீலருக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாரண்டி புத்தகத்தில் எமிஷன் பாகங்களுக்குத் தனி காலக்கெடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொழில் வண்டி என்று உங்களைப் பயமுறுத்தியது தவறு. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய பொருளை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7) 'வணிக நோக்கம்' என்று தள்ளுவதில்லை. பழைய சட்டத்திலும் இதே விதிவிலக்கு இருந்தது. லட்சுமி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான் என்றது. வேறொருவரே ஓட்டுவதற்காக வாங்கியிருந்தால்தான் சிக்கல். லைசென்ஸ், பெர்மிட், லோடு பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம்; டீலர் எந்த ஊரிலிருந்தாலும் சரி. வண்டிக்கு 5 முதல் 10 லட்சம் வரை கொடுத்திருந்தால் கட்டணம் 200 ரூபாய்தான்.

பிழைப்பு நின்றுவிடும் என்று பணம் கட்டி மாற்ற நேர்ந்தால், அதை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸிலேயே செய்து, 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று பில்லில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கழற்றிய சென்சாரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38-ன்படி ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்; பொருள் கையில் இல்லாவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.