தை மாதத்தில் மரப்படிக்கட்டு: பழுதும் மெருகும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முடியப் பெய்து ஓய்ந்து, தை பிறந்து வெயில் தெளியும் இந்நாட்களே, செட்டிநாட்டு வீடுகளிலும் தஞ்சை, கும்பகோணம், மயிலாப்பூர்ப் பகுதிகளின் பழைய மாடிவீடுகளிலும் எஞ்சியிருக்கும் மரப்படிக்கட்டுகளைச் சோதித்து, தேர்ந்த தச்சரை அமர்த்திக்கொள்வதற்கு உரிய காலம் ஆகும். ஆயினும் இம்மாதத்தில் செய்யத்தக்கவை சோதனையும் கூலிப்பேச்சும் மரவேலையும் மட்டுமே. மெருகேற்றுவதை மாசி நடுப்பகுதி வரை தள்ளிவைத்தல் வேண்டும்.

இதற்குக் காரணம் மரத்தின் இயல்பில் இருக்கிறது. மழைக்காலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்திருக்கும் மரம், வெயில் ஏற ஏற அந்த ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது; பருத்த நிலையில் அதன்மேல் பூசப்பட்ட மெருகு, சுருங்கும்போது பலகைகளின் மூட்டுவாயில் விரிசல் காண்கிறது. ஸ்பிரிட்டில் அரக்குச் செதிலைக் கரைத்துத் துணிப்பொதியால் தேய்த்து ஏற்றும் பழைய முறையான பிரெஞ்சு பாலிஷ் இன்னும் எளிதில் கெடும். ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றின் ஈரம் அதன்மேல் படிய, பூச்சு பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடும். மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி இப்போது பல தச்சர்களிடம் உண்டு. அது 15 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் வேலையை நிறுத்திவைக்கச் சொல்வதில் வீட்டார் தயங்க வேண்டியதில்லை. 20 விழுக்காட்டைத் தாண்டி ஈரம் நீடித்து நிற்கும் இடம் உளுத்துப்போகத் தொடங்கும் என்பதால், அங்கே ஒழுகும் கூரையையோ சுவர்க் கசிவையோ முதலில் அடைத்தாக வேண்டும்.

சோதனையைப் படிக்கட்டின் அடிப்புறத்திலிருந்து தொடங்குவது முறை. சுவரை ஒட்டி மண்குழாய் ஏறியிருந்தால் அது நிலத்துக் கரையான். மாவு போன்ற நுண்தூள் உதிர்ந்து கிடந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. கசகசா விதை போன்ற சிறுமணிகள் குவிந்திருந்தால் அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையான். மூன்றுக்கும் மருந்தும் முறையும் வேறு வேறாகையால், எது என்று தெரியாமல் மருந்தடிப்பது வீண்செலவே. பிறகு ஒவ்வொரு மிதிப்பலகையையும், அதாவது கால் வைக்கும் கிடைப்பலகையையும், அதைத் தாங்கும் பக்கச்சட்டத்தையும் உளியின் பிடியால் தட்டிப் பார்க்க, நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே செல்லரித்தது பொத்தென்று அடங்கும். ஐயமான இடத்தில் கத்திமுனையை அழுத்தினால் அது எதிர்ப்பின்றி இறங்குவதே விடை.

ஆளை அமர்த்தும்போது தச்சர் வேறு, மெருகுக்காரர் வேறு என்பதை மறக்கலாகாது. இருவேலையையும் தாமே முடித்துத் தருவதாக மெருகுக்காரர் ஒப்புக்கொள்வதுண்டு. ஆனால் ஆடும் மூட்டைப் பட்டி வைத்து மூடி மேலே பளபளப்பை ஏற்றினால், பழுது கண்ணுக்கு மறையுமேயன்றிக் காலுக்கு மறையாது. இரண்டு மழைக்காலமாவது கண்ட முந்தைய வேலையைக் காட்டச் சொல்லி, அதைக் கையால் அசைத்துப் பார்த்த பின்னரே முன்பணம் தர வேண்டும். திறந்து பார்க்கும்வரை உள்ளழுகல் எவ்வளவு என்று எவராலும் சொல்ல இயலாது என்பதால், பழுதுபார்ப்பை நாள்கூலிக்கும், மெருகைச் சதுர அடிக் கணக்குக்கும் பேசிக்கொள்வதே இருதரப்புக்கும் நியாயமாகும். எத்தனை பலகை மாற்றுவது, எந்த மரம், எந்த மெருகு, எத்தனை பூச்சு, பொருள் யார் வாங்குவது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று.

பழுதுபார்ப்பில் மிகுந்த கவனம் வேண்டுவது கைப்பிடியாகும். கைப்பிடிச் சட்டத்தைத் தாங்கும் கடைசல் கால்கள் ஒவ்வொன்றும் கழுந்து, துளை என்னும் முறையில், மரத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி மற்றொன்றின் குழியில் செருகிப் பொருத்தப்பட்டவை. ஆண்டுக்கணக்கில் சாய்ந்த கைகளின் பாரத்தால் கழுந்து தேய்ந்து துளை அகன்றுவிடும்போது கைப்பிடி ஆடுகிறது. பக்கவாட்டில் ஆணி அடித்தால் ஆட்டம் சில மாதம் நிற்கும். பின் கழுந்தே பிளந்துபோகும். காலைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, தேய்ந்த கழுந்தின் இருபுறமும் மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டித் தடிமன் கூட்டி, மீண்டும் இறுகச் செருகுவதே சரியான வழி. முதிர்ந்த தச்சர் ஒருவர் இச்சீவலை இழைத்து, பொருத்தி, எடுத்து, மறுபடி ஓர் இழைப்பு இழைத்து, கைச்சுத்தியலின் இரண்டு தட்டலில் இறங்கும் அளவுக்குக் கொண்டுவருவதைக் காண்பவர், அவர் கேட்கும் கூலியைக் குறைத்துப் பேச மாட்டார்.

மாற்றும் மிதிப்பலகை பழைய பலகையின் தடிமனோடு ஒத்திருக்க வேண்டும். ஓர் அங்குலப் பலகைக்குப் பதில் ஒன்றரை அங்குலம் வைத்தால் அந்த ஒரு படி மட்டும் அரை அங்குலம் உயர்ந்து, இருட்டில் இறங்கும் முதியவரின் கால் பழகிய உயரத்தைத் தேடித் தடுமாறும். ஒட்டுப்போடுவதற்குக் காரைக்குடியின் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும், இடித்த வீட்டு பர்மா தேக்கு மிகப் பொருத்தமானது. நிறமும் ஒக்கும், இனிச் சுருங்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. இத்தகைய தேக்குப் படிகளைப் பழுது என்ற பெயரில் பெயர்த்தெறிந்து கிரானைட் பதிப்பது ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.

பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டுமுன் ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என வரையறுத்த விதிகள் இந்தியாவில் 2016இல்தான் அறிவிக்கப்பட்டன. எனவே அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். உலர்ந்தபடி உப்புத்தாள் தேய்க்காமலும் தீச்சுடர் காட்டாமலும், நனைத்துத் தேய்க்கச் சொல்லி, வேலை முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பகுதிக்கு வரவிடாமல் காக்க வேண்டும். நனைத்த மரம் உலரச் சில நாள் விட்ட பின்னரே மேற்கொண்டு தொடர வேண்டும்.

மெருகைப் பொறுத்தவரை, கைப்பிடிக்கு அரக்குப் பாலிஷே அழகு. பழுதானால் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். தண்ணீரும் தேய்மானமும் படும் மிதிப்பலகைக்குப் பியு எனப்படும் பாலியூரித்தேன் பூச்சே தாங்கும். அதிலும் வழுக்காதிருக்க மங்கல் வகையையே கேட்டு வாங்க வேண்டும். காலைப் பனி விலகிய பின் பத்து மணியளவில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசினால் வீட்டார் ஏறி இறங்க வழி இருக்கும். மெருகு வேலையில் ஆளிவிதை எண்ணெய் பயன்பட்டால், அது தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போடும்போது அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்து உலர்த்துவதையோ நீரில் அமிழ்த்துவதையோ அன்றன்று மாலை உறுதிசெய்ய வேண்டும். கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு வாரம் மிதியடி விரிக்காமல் வெறுங்காலோடு நடந்து, எந்தப் படியாவது முனகுகிறதா என்று கேட்டறிந்து, அதன் பிறகே மீதிக் கூலியைக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம்.