பீங்கானின் அடிப்புறத்தை வாசித்தல்

பழைய ஆங்கிலேயப் பீங்கான் கலம் ஒன்று விலைக்கு வந்தாலும், முன்னோர் உடைமையாக நம் கைக்கு வந்தாலும், முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கிறோம். அடியில் ஒரு பெயரோ நங்கூரமோ தென்பட்டதும் மதிப்பு முடிவாகிவிட்டதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒரு கலத்தில் போலி செய்வதற்கு மிக எளிதானது முத்திரையே. ஆகவே, பணம் கொடுக்கும் முன் அதை வாசிக்கும் முறையை அறிந்துகொள்வோம்.

முத்திரை எவ்வாறு இடப்பட்டுள்ளது என்பதே முதற் கேள்வி. ஈரக் களிமண்ணில் அழுத்திப் பதித்த முத்திரையைச் சூளையில் சுட்ட பின்னர் சேர்க்க இயலாது. மெருகுப் பூச்சின் மேல் தீட்டப்பட்டதையோ எவரும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். லண்டன் செல்சீ ஆலையின் வண்ண நங்கூரங்கள் இவ்வகையின. ஏறத்தாழ 1752 முதல் 1756 வரை சிவப்பு நங்கூரமும், அதன்பின் 1769 வரை பொன் நங்கூரமும் வழங்கின. உண்மையான நங்கூரம் கால் அங்குல அளவே இருக்கும். தேடினால்தான் கண்ணில் படும். பிற்காலத்தில் பாரிஸ் நகரின் சாம்சன் நிறுவனமும் பிறரும் செய்த நகல்களில் அது பெரிதாகப் பளிச்சிடும். பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும் பொன் நங்கூரத்தை நாம் ஐயுறுவதே நன்று.

சில சொற்களும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தின் விளைவாக 1891 முதல் 'இங்கிலாந்து' என்ற பெயர் கலங்களில் பரவலாயிற்று. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுமையாக இருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுக் கலம். எனினும், நாட்டின் பெயர் இல்லாததை மட்டும் கொண்டு கலம் 1891-க்கு முற்பட்டது எனக் கொள்ள இயலாது.

விக்டோரியா காலத்துக் கலங்களில் நமக்குப் பெரிதும் உதவுவது சாய்சதுரப் பதிவு முத்திரை. 1842 முதல் 1883 வரை, வடிவமைப்பைப் பதிவு செய்தவர்கள் இதனை இட்டனர். உச்சியிலுள்ள சிறு வட்டத்தில் ரோமன் எண் நான்கு இருந்தால் அது மண்பாண்ட, பீங்கான் வகுப்பு. 1867 வரை ஆண்டுக்குரிய எழுத்து அவ்வட்டத்தின் கீழ், மேல் மூலையில் இருந்தது. 1868 முதல் அது வலப்புற மூலைக்கு மாறிற்று. எழுத்துகள் அகரவரிசையில் செல்வதில்லை என்பதால் அட்டவணை தேவை. ஆங்கில 'எச்' எழுத்து மேல் மூலையில் இருந்தால் 1843, வலப்புறம் இருந்தால் 1869. மூலையைக் கவனியாதவர் இருபத்தாறு ஆண்டுகள் தவறுவார். மேலும், அத்தேதி வடிவமைப்பு பதிவான நாளே. கலம் செய்யப்பட்ட நாள் அன்று. ஒரே வடிவமைப்பில் பல்லாண்டுகள் கலங்கள் செய்யப்பட்டதுண்டு. 1884 முதல் சாய்சதுரம் நீங்கி, தொடர் எண் வந்தது.

இனி, பெயரைப் பற்றி. ஜோசையா வெட்ஜ்வுட் 1759-இல் தொடங்கிய நிறுவனம் தன் பெயரைக் களிமண்ணிலேயே அழுத்திப் பதித்தது. அப்பெயரில் 'ஜி', 'டபிள்யூ' ஆகிய எழுத்துகளுக்கு நடுவே 'ஈ' கிடையாது. அந்த 'ஈ' எழுத்தைச் சேர்த்துப் பதித்தவர்களுள் ஒருவர் ஸ்டாக்டனைச் சேர்ந்த வில்லியம் ஸ்மித். 1848-இல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 'வெட்ஜ்வுட் அண்ட் கோ' என்பதும் ஜோசையாவின் நிறுவனம் அன்று. விற்பவர் பெயரை வாயால் சொல்லும்போது இவ்வேறுபாடுகள் காதில் விழா. பூதக்கண்ணாடியுடன் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே விலையைப் பேசுவோம்.