வீட்டில் மணி அடிப்பது யார்?

கேள்வி: என் 13 வயது மகனுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறோம். நேரம் கைக்குள் நிற்பதே இல்லை. என்ன செய்வது? – ஒரு தாய், கோவை

பதில்: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், 5 ஆண்டுகளில் 9 முறை தேர்வெழுத வாய்ப்பு உண்டு. அந்தத் தாராளமே ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பழக்கிவிடும்.

அட்டவணையை நீங்கள் போட்டுத் தராதீர்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளை அவனிடம் கொடுங்கள். பின்பக்கத்தில் இன்றைய மூன்று வேலைகளையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்பதையும் அவனே எழுதட்டும். முடித்ததும், உண்மையில் ஆன நேரத்தைப் பக்கத்திலேயே குறிக்கட்டும். கணக்குக்கு 20 என்று எழுதியது 50 ஆகியிருக்கும். திட்டாதீர்கள், அந்த வித்தியாசத்தை அவன் கண்ணால் பார்ப்பதுதான் பாடம். புத்தகங்களை இரவில் அவனே அடுக்கட்டும். ஒரு மாதம் மட்டும் பொறுத்துப் பாருங்கள், அம்மா.