ஏட்டில் ஏறாத வலி
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

ஆண்டுதோறும் சங்கத்தின் கையிருப்பையும் கடன் பாக்கியையும் எண்ணிப் பார்க்கிறோம். அங்கத்தினரின் முதுகையும் முழங்காலையும் எண்ணிப் பார்ப்பதில்லை. உழைப்பாளிக்கு உடம்பே மூலதனம். தசை, எலும்பு, மூட்டு ஆகியவற்றைப் பற்றும் நோய்கள் அம்மூலதனத்தை எவ்வளவு தேய்த்துள்ளன என்பதை ஓர் ஊர் முழுமைக்கும் அறிவது எங்ஙனம்? இதுவே இம்மாதப் பாடம்.

எதைக் கேட்பது?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, உடம்பில் நோய் ஏதும் உண்டா?" என்று கேட்டோம். "நோயா? அதெல்லாம் ஒன்றுமில்லை, தம்பி" என்றார். பின்னர் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, இரண்டு முறை முயன்று எழுந்தார். "சென்ற ஏழு நாட்களில் எங்கேனும் வலித்ததா?" என்று கேள்வியை மாற்றினோம். "இடுப்பு வலிக்காத நாள் ஏது? வலை இழுக்கிறவனுக்கு அது கூலியோடு சேர்ந்தது" என்றார்.

முதற் கேள்வியுடன் நின்றிருந்தால் அவரை நலமுடையோர் பட்டியலில் சேர்த்திருப்போம். ஆகவே நோயின் பெயரைக் கேட்டல் ஆகாது. வலித்த இடம், வலித்த நாட்கள், தரையில் அமர்ந்து எழ முடிகிறதா, குடம் தூக்க முடிகிறதா என்பனவற்றையே கேட்டல் வேண்டும்.

யாரைக் கேட்பது?

மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால், வலியோடு வேலைக்குப் போகிறவர் கணக்கில் வாரார். எனவே வீடுதோறும் செல்லல் வேண்டும்.

இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. உலக சுகாதார நிறுவனமும் அகில உலக வாதநோய்க் கழகமும் 1981-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதன்படி 1996-இல், டாக்டர் அரவிந்த் சோப்ராவின் தலைமையில், புணே மாவட்டத்துப் பிக்வான் கிராமத்தில் ஆய்வு நடைபெற்றது. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று வினவினர். வலி உண்டு என்றவர்களை மருத்துவர்கள் பரிசோதித்தனர். வினவப்பட்ட வயது வந்தோர் 4,092 பேர். அவருள் 746 பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, இவ்வகைத் தொல்லை இருந்தது. முழங்காலும் இடுப்புமே மிகுதியாக வலித்த இடங்கள். மூட்டுகளை உருக்குலைக்கும் முடக்குவாதமோ இருநூறு பேரில் ஒருவருக்கே காணப்பட்டது.

பழவேற்காட்டில் இத்தகைய கணக்கெடுக்கப் புகுவோர் எந்தப் பட்டியலைக் கைக்கொள்வது? ஏரியில் முறை வைத்து மீன்பிடிக்கும் 'பாடு' வரிசையில் பெயருடையோர் ஆடவரே. அதை மட்டும் நம்பினால், ஆழமற்ற நீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்டிரும், மீன்கூடை சுமப்போரும், பனையோலை முடைவோரும் விடுபடுவர். நெசவாளர் சங்கத்திலும் இதே நிலைதான். தறி ஒருவர் பெயரில் இருக்கும். தார் சுற்றும் இல்லத்தரசியின் தோள்வலி எந்த ஏட்டிலும் இராது.

விலகியவர் கணக்கு

இனி, எளிதில் ஏமாற்றும் பிழை ஒன்றைக் காண்போம். ஒரு சங்கத்தில் பத்தாண்டுகளுக்கு முன் 100 நெசவாளர் இருந்தனர் என்று வைத்துக்கொள்வோம். அவருள் 30 பேருக்கு முதுகுவலி வந்தது. வலி தாளாமல் 20 பேர் தறியை விட்டனர். இன்று தறியில் இருப்போர் 80 பேர். வலியுடையோர் 10 பேர். இன்று சென்று எண்ணுபவர், "எட்டில் ஒருவருக்கே வலி" என்று எழுதுவார். உண்மையில் வலி கண்டவர் பத்தில் மூவர். வலியால் விலகியவரை விட்டுவிட்டால், மிகவும் துன்புற்றவர்களே கணக்கிலிருந்து மறைந்துவிடுவர். ஆகவே பழைய அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து, விலகியவர் வீட்டுக் கதவையும் தட்டல் வேண்டும். அப்பதிவேடு நம் சங்கங்களிடம் உள்ளது என்பதை நினைவிற் கொள்க.

சங்கம் செய்யத்தக்கது

ஒன்று: கேள்விகளை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கலந்து வகுத்தல்.

இரண்டு: வலியுள்ளோர், இல்லாதோர் இருவரையும் பதிதல். இருதரப்பையும் ஒப்பிட்டால்தான் எந்த வேலையுடன் எந்த வலி சேர்ந்து வருகிறது என்பது புலப்படும்.

மூன்று: பெயர்களை வெளியிடாதிருத்தல். வலியைச் சொன்னால் கடன் கிடைக்காது, பாவு கிடைக்காது என்ற அச்சம் எழுமாயின் ஒருவரும் உண்மை கூறார்.

நான்கு: மூட்டு வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்திருப்பதாகக் கூறுவோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல். முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே கண்டு மருந்து கொடுத்தால் மூட்டுகள் கெடுவதைப் பெரிதும் தடுக்கலாம்.

வலி கூலியோடு சேர்ந்தது என்று பெரியவர் கூறினார். அவ்வாறாயின், கூலியைப் பதியும் ஏட்டில் அதற்கும் ஒரு பத்தி வேண்டுமன்றோ?

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நம் சங்கத்திலிருந்து சென்ற பத்தாண்டுகளில் விலகியோர் எத்தனை பேர்? காரணம் கேட்கப்பட்டதா?

2. நம் பதிவேட்டில் பெயரில்லாமல் உழைப்போர் யாவர்?