கோர்படியில் டிசம்பர்: அலைச்சல் வாரத்துக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

டிசம்பர் பாதி ஆனால் புனேயின் கோர்படித் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு தங்க நேரமிருக்காது. ஒரு பக்கம் சவாய் கந்தர்வ பீம்சேன் மகோத்சவ இசை விழா. இன்னொரு பக்கம் கேரல் பாடி வரும் பிள்ளைகள், மஞ்சள் குங்குமத்துக்கு அழைக்கும் மராட்டி அக்கம்பக்கம். நடுவில் கேம்ப்பிலோ கோரேகாவ் பார்க்கிலோ சாப்பாடு. எதையும் விட வேண்டாம். வீட்டில் மாவும் தயிரும் தயாராக இருந்தால் அந்த வாரம் ஓடிவிடும்.

1. மாவுக்குச் சென்னைக் கணக்கு இங்கே செல்லாது. விடியற்காலையில் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும் ஊரில், ராத்திரி அரைத்த மாவு காலையிலும் அரைத்தபடியே கிடக்கும். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறட்டும். அரைக்கும்போது ஊறவைத்த அவல் ஒரு கைப்பிடி சேருங்கள். புனேயில் நல்ல அவலுக்குப் பஞ்சமில்லை. கையாலேயே கரையுங்கள். பிறகு மைக்ரோவேவில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, டம்ளரை மூலையில் தள்ளிவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். அடுப்பை மறுபடி ஓட்டக்கூடாது, உள்ளே மாட்டிக்கொண்ட சூடே போதும். படுக்கப் போகுமுன் டம்ளரில் வேறு வெந்நீர் மாற்றுங்கள். பொங்கியதும் ஃபிரிஜ்ஜுக்குப் போகட்டும். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசியில் வெங்காய ஊத்தப்பம். புளிப்பு ஏறிய மாவுக்கு அதுதான் மரியாதை.

2. தயிருக்கும் அதே வைத்தியம்தான்: ஹாட்பேக்கில் உறை ஊற்றி, பழைய சால்வையைச் சுற்றி வைத்துவிடுங்கள்.

3. வீட்டுக்கு விருந்தினரை அழைக்கிறீர்களா? வியாழக்கிழமையைத் தவிருங்கள். மார்கசீர்ஷ மாதத்து வியாழக்கிழமைகளில் பல மராட்டி வீடுகளில் மகாலட்சுமி விரதம். அன்று பிரியாணி விருந்துக்குக் கூப்பிட்டால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். கடைசி வியாழனன்று சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமம், பழம், விரதக் கதைப் புத்தகம் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக் காக்கு (சித்தி) கூப்பிட்டால் பத்து நிமிடமாவது போய் வாருங்கள். கச்சேரி இருக்கிறது என்று சொன்னால், "அப்போ சீக்கிரமே வந்துடு" என்பார்களே தவிர விடமாட்டார்கள்.

4. சவாய் கந்தர்வ விழா, பண்டிட் பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953-ல் தொடங்கியது. பல ஆண்டுகள் ரமண்பாக் பள்ளி மைதானத்தில் நடந்தது, இப்போது முகுந்த் நகர் மகாராஷ்ட்ரீய மண்டல் வளாகத்தில். ஒரு காலத்தில் விடிய விடியக் கேட்டார்கள். ஒலிபெருக்கி விதிகள் வந்தபின் பெரும்பாலும் இரவு 10 மணிக்குள் முடிந்துவிடுகிறது. அதனால் கச்சேரி மத்தியானமே தொடங்கிவிடும். "ஆபீஸ் முடிந்து போகலாம்" என்றால் பாதி போய்விடும். சபா கச்சேரிக்குப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் பொறுமை பழக வேண்டும். ஒரே ராகம் முக்கால் மணி நேரம் நகரும், தனி ஆவர்த்தனம் வராது. தரையில் உட்காரும் டிக்கெட் எடுத்தால் மடிக்கக்கூடிய மெத்தைத் துண்டு, சால்வை, ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி. வெளி உணவை உள்ளே விடுவார்களா என்பதை டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்ததும் தரை ஜில்லிட்டுவிடும். முட்டிவலி உள்ளவர்கள் நாற்காலிக்கே காசு கொடுப்பது மேல்.

5. விழாவுக்குப் போகக் காரை எடுக்காதீர்கள். புனே ஸ்டேஷன் வரை ஆட்டோ. அங்கிருந்து மெட்ரோவில் ஏறி, சிவில் கோர்ட்டில் வண்டி மாறி, ஸ்வார்கேட்டில் இறங்கினால் முகுந்த் நகர் பக்கம். ஸ்வார்கேட் வரை மெட்ரோ ஓடுவது 2024 செப்டம்பரிலிருந்துதான். திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஓட்டல் பில்லை மேலிருந்து கீழே வாசியுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேலே 'சேவைக் கட்டணம்' என்று ஒரு தொகை இருந்தால், அதைக் கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம். தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915-க்குப் புகார் செய்யலாம். பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்திருந்தால் அவன் கையிலேயே கொடுங்கள், அவனுக்கே போய்ச் சேரும்.

7. மிஸல் சாப்பிடக் காலை நேரம்தான் சரி. 'தர்ரி'யைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தச் சிவப்பு எண்ணெயை இரவில் குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது.

8. ஓட்டலில் மீந்ததைக் கட்டிக்கொண்டு வர சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று பையில் இருக்கட்டும். சாப்பிட்டு முடித்து நேரே கச்சேரிக்குப் போவதானால் கட்டவே வேண்டாம். சமைத்த சாதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. குளிர்காலம்தானே என்று நினைக்காதீர்கள், பகலில் 28, 29 டிகிரி அடிக்கும் ஊர் இது.

9. புடவையில் மஞ்சள் பட்டுவிட்டதா? சோப்பு போட்டதும் கறை ரத்தச் சிவப்பாக மாறும். பதறாதீர்கள், சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான். அலசிவிட்டு நல்ல வெயிலில் விரித்தால் சாயங்காலத்துக்குள் பெரும்பகுதி வெளுத்துவிடும். இது பருத்திக்கு மட்டும். பட்டில் பட்டால் தேய்க்காமல் டிரை கிளீனரிடம் கொடுங்கள். எண்ணெய்க் கறை என்றால் உடனே முகப் பவுடரைத் தூவி, அரைமணி கழித்துத் தட்டிவிட்டுப் பிறகு துவையுங்கள்.

10. கேரல் குழு எந்த ராத்திரி வரும் என்பதைச் சர்ச்சில் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோர்படியில் ரயில்வே, ராணுவ வேலைக்கென்று வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய, ஆகவே தமிழிலேயே பாடுவார்கள். கிடார் பிடித்த பையனுக்கு முறுக்கு எடுக்கக் கை இருக்காது, காகிதப் பொட்டலமாகக் கொடுங்கள். மாடியில் நீங்களே பாட்டு வைப்பதானால் கணக்கு வேறு: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் மாநில அரசு அறிவிக்கும் நாட்களில் மட்டும் நள்ளிரவு 12 வரை அனுமதி. எதிர்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் குழந்தை இருந்தால் எட்டு மணிக்கே நிறுத்துங்கள்.

11. ஊருக்குப் போகிறவர்களிடம் கட்டாயம் கேட்பது ஈஸ்ட் ஸ்ட்ரீட் கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பெரி பிஸ்கட். காலையிலேயே போங்கள், புனேயின் பழைய கடைகள் பலவும் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிடும். அட்டைப் பெட்டியிலேயே வைத்தால் இரண்டு நாளில் நமத்துவிடும். தகர டப்பாவில் மாற்றி, துணியில் முடிந்த ஒரு பிடி அரிசியை அடியில் போடுங்கள்.

12. விருந்துகளில் கைமாறும் டப்பாக்களின் அடியில் நெயில் பாலிஷால் உங்கள் வீட்டு எண்ணை எழுதி வையுங்கள். காக்கு வீட்டு டப்பாவை வெறுமையாகத் திருப்பாதீர்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு ஸ்பூன் சர்க்கரையாவது போடுங்கள். மிளகாய்ப்பொடி போடுவதானால் முதலில் எச்சரியுங்கள், நம் வீட்டுப் பொடியின் காரம் அவர்களுக்குத் தெரியாது.