பாடம் 5: வைத்தியசாலை தூரத்தில் இருக்கும்போது

ஊர் திரும்பிய முதல் வாரங்களில் கூரை, கிணறு, வேலி என்று வேலைகள் குவிந்து கிடக்கும். வருத்தம் வந்தால் பிறகு பார்க்கலாம் என்று தோன்றும். முகாமில் இருந்தபோது நடமாடும் வைத்திய சேவை உங்கள் இடத்துக்கே வந்திருக்கலாம். கிராமத்தில் அப்படியில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. ஆதார வைத்தியசாலைகள் மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு போன்ற இடங்களில் இருக்கின்றன. உட்கிராமம் ஒன்றிலிருந்து அங்கே போய்ச்சேர நேரம் எடுக்கும். இந்தத் தூரத்தை நாம் குறைக்க முடியாது. ஆனால் தூரத்தோடு சேர்ந்து வரும் தாமதத்தைக் குறைக்கலாம்.

பிரசவத்தில் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த செரின் தடேயுஸ், டெபோரா மெய்ன் ஆகியோர் 1994இல் மூன்று தாமதங்களைச் சுட்டிக்காட்டினர். அவை முடிவெடுப்பதில் தாமதம், போய்ச்சேர்வதில் தாமதம், சிகிச்சை பெறுவதில் தாமதம் என்பனவாகும். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும்கூட இவை பொருந்தும்.

முதலாவது: முடிவெடுப்பதில் தாமதம்

"விடியட்டும் பார்ப்போம்", "அவர் வேலையால் வரட்டும்" என்று காத்திருப்பதுதான் இந்தத் தாமதம். பின்வரும் அறிகுறிகளில் ஒன்றைக் கண்டால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

• கர்ப்பிணிக்கு இரத்தம் படுதல், கடுமையான தலையிடி, கண் மங்குதல், வலிப்பு, பன்னீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல்.
• குழந்தை பால் குடிக்க மறுத்தல், மூச்செடுக்கக் கஷ்டப்படுதல், வலிப்பு, சோர்ந்து கிடத்தல்.
• காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு. டெங்குவாக இருக்கலாம் என்பதால் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.
• பாம்புக்கடி. கடித்ததா இல்லையா என்ற சந்தேகம் இருந்தாலும் போக வேண்டும்.

தற்காலிகக் கொட்டிலில் நிலத்தில் படுப்பவர்கள் எண்ணெய் விரியன் பற்றி அறிந்திருக்க வேண்டும். கருமையான உடலில் வெள்ளை வளையங்கள் கொண்ட இந்தப் பாம்பு இரவில் நடமாடும். அது கடித்தால் பெரும்பாலும் நோவோ வீக்கமோ இருக்காது. நித்திரையில் இருப்பவருக்குத் தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி வந்தாலோ, கண் இமைகள் கீழே விழுந்தாலோ, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கடித்த இடத்தை வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்திருங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க நேரம் செலவழிக்க வேண்டாம். படுப்பதற்குக் கட்டிலும் நன்றாகச் செருகிய நுளம்பு வலையும் இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

இரண்டாவது: போய்ச்சேர்வதில் தாமதம்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சில கிராமங்களில் தொலைபேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைக்காது. எந்த இடத்தில் நின்றால் அழைப்புப் போகும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அம்புலன்ஸ் வரமுடியாத பாதை என்றால், ஓட்டோ அல்லது லான்ட்மாஸ்டர் வைத்திருக்கும் அயலவர் இருவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

அவசரத்திலும் குறுக்குவழி வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடிக்காத பகுதிகளில் மண்டையோட்டு அடையாளமிட்ட சிவப்புப் பலகைகள் இருக்கும். மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பாதையிலேயே செல்லுங்கள்.

மூன்றாவது: சிகிச்சை பெறுவதில் தாமதம்

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் நோயாளியின் பழைய விபரம் தெரியாவிட்டால் வைத்தியருக்கு நேரம் வீணாகும். கர்ப்பிணிப் பதிவேடு, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே பையில், தண்ணீர் புகாதபடி வையுங்கள். தொலைந்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் இப்போது இருக்கும் இடத்தை விட்டுப் புறப்படுமுன் கிளினிக்கில் ஒரு மாத மருந்தும் மாற்றுக் கடிதமும் கேட்டுப் பெறுங்கள்.

இலங்கை மலேரியா அற்ற நாடு என 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்தியாவிலிருந்து திரும்பிய எவருக்காவது காய்ச்சல் வந்தால், அங்கிருந்து வந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மலேரியா இரத்தப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படும்.

முதலில் சந்திக்க வேண்டியவர்

1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒவ்வொரு 100,000 உயிர்ப் பிறப்புகளுக்கும் 1,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அது 30 அளவுக்குக் குறைந்திருக்கிறது. பெரிய வைத்தியசாலைகள் மட்டும் இதைச் செய்யவில்லை. வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கு, அதாவது நாம் மருத்துவமாது என்று அழைப்பவருக்கு, இதில் பெரும் பங்கு உண்டு. நீங்கள் வந்திருப்பது தெரிந்தால்தான் அவர் உங்கள் வீட்டுக்கு வருவார். ஆகவே கிராம அலுவலரிடம் பதியும் அதே வாரத்தில் அவரிடமும் பதியுங்கள்.

கர்ப்பமானால் 8 வாரங்களுக்குள் அவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு 2, 4, 6, 9, 12, 18 மாதங்களிலும் 3, 5 வயதுகளிலும் தடுப்பூசிகள் உண்டு. இடம்பெயர்வில் ஏதாவது தவறியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. இரவு 2 மணிக்கு அம்மாவுக்குச் சுகமில்லை, அப்பா வெளியூரில். யார் முடிவெடுப்பது?
2. எங்கள் வீட்டிலிருந்து எந்த வைத்தியசாலை கிட்ட? எந்தப் பாதையால் போவது?
3. வாகனத்துக்கு யாரைக் கேட்பது? அவர் இல்லாவிட்டால் யாரை?
4. பதிவேடுகள் உள்ள பை எங்கே இருக்கிறது? பிள்ளைகளுக்கும் அது தெரியுமா?

விடைகளை ஒரு தாளில் எழுதி, 1990 என்ற இலக்கத்தையும் மருத்துவமாதின் தொலைபேசி இலக்கத்தையும் அதில் குறித்து, கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.