சிறுதேரும் நடைவண்டியும்

நுழையும்முன்
நீங்கள் தளர்நடை பயின்றபோது எதைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள்? பெற்றோரிடம் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.

குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் நடைவண்டி வாங்கித் தருவது தமிழகத்து வழக்கம். பாட்டனார் தச்சுத்தொழில் அறிந்தவராயின், பேரக்குழந்தைக்குத் தம் கையாலேயே அதனைச் செய்து தருவார். கதவு, சன்னல் செய்து எஞ்சிய மரத்துண்டுகளே அதற்குப் போதும். அவற்றை ரம்பத்தால் அறுத்து, இழைப்புளியால் இழைத்து, உளியால் துளையிட்டுப் பொருத்துவார். இறுதியில் முனைகளை உப்புத்தாளால் மழுங்கத் தேய்ப்பார். பிஞ்சு விரல்களில் சிராய் ஏறிவிடக் கூடாதல்லவா?

நடைவண்டிக்குப் பின்னே இரண்டு, முன்னே ஒன்று என மூன்று சக்கரங்கள். தரை மேடுபள்ளமாக இருப்பினும் மூன்று சக்கரங்களும் தரையைத் தொட்டே நிற்கும். குழந்தை தள்ளத் தள்ள வண்டி நகரும். குழந்தையும் அடியெடுத்து வைக்கும்.

மூன்று சக்கர விளையாட்டு வண்டி தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதைச் சங்க நூலாகிய பட்டினப்பாலை கூறுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்திற்குச் 'சிறுதேர்' என்றே பெயர்.

மர விளையாட்டுப் பொருள்களுக்குக் கருநாடகத்திலும் பெருமை உண்டு. குண்டலுபேட்டையிலிருந்து மைசூரு சென்று, பெங்களூரு நோக்கிப் பயணம் செய்தால் சன்னபட்டணம் வரும். அங்குள்ள கைவினைஞர்கள் வெட்பாலை மரத்தைக் கடைந்து பொம்மைகள் செய்கின்றனர். சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்கை அழுத்துவர்; உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். இப்பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தின் செப்புச் சாமான்களும் இவ்வாறே கடைந்து அரக்கேற்றப்படுபவை.

பிழைப்பின் பொருட்டு வேற்றூர் செல்லும் குடும்பங்களால் எல்லாப் பொருள்களையும் உடன் கொண்டுசெல்ல இயலாது. பலருடைய நடைவண்டி பாட்டனார் வீட்டுப் பரணிலேயே தங்கிவிடுகிறது. மாணவர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அதனை இறக்கித் துடைத்துப் பாருங்கள். எந்த மரம், எந்தக் கருவி என்று பாட்டனாரிடம் கேளுங்கள். தச்சுப்பட்டறையின் சொற்கள் பல அவர் நினைவில் உள்ளன. நீங்கள் கேட்டால்தான் அவை உங்களிடம் வந்து சேரும்.

சொற்பொருள்
தளர்நடை – குழந்தையின் தள்ளாடும் நடை
சிராய் – மரத்தின் கூரிய நுண்துணுக்கு
மெருகு – பளபளப்பு
பரண் – பொருள்களை வைக்க உயரத்தில் அமைத்த தட்டு

பயிற்சி
1. நடைவண்டியின் முனைகளை மழுங்கத் தேய்ப்பது ஏன்?
2. சிறுதேருக்கும் நடைவண்டிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. பாடத்தில் இடம்பெற்றுள்ள தச்சுக்கருவிகளின் பெயர்களை எழுதுக.
4. உங்கள் வீட்டுப் பெரியவர் கையால் செய்த பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.